உமிழ்நீர் ஓர் அமானத்: வாயில் ஒதுக்கும் புகையிலை பற்றிய ஜும்ஆ உரை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெரியவர்களே! அன்பு இளைஞர்களே! அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்து தொடங்குகிறேன்.

இன்று நாம் பார்க்கப்போவது எச்சிலைப் பற்றி. "மிம்பரில் ஏறி நின்று எச்சிலைப் பற்றியா பேசுவது?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அல்லாஹ் தன் அருள்மறையில், மனிதனுக்குத் தான் கொடுத்த அருட்கொடைகளை நினைவூட்டும்போது, இரு கண்களைச் சொல்லி, உடனே நாவையும் இரு உதடுகளையும் சொல்கிறான் (90:8, 9). அந்த நாவு அசைய வேண்டுமானால், அந்த உதடுகள் கலிமாவைச் சொல்ல வேண்டுமானால், வாயில் ஈரம் வேண்டும். அந்த ஈரம்தான் உமிழ்நீர்.

உம்முல் முஃமினீன் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியில் பதிவான ஒரு செய்தியை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் இறுதி நேரம். அன்னையின் நெஞ்சில் சாய்ந்திருக்கிறார்கள். அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) கையில் ஒரு மிஸ்வாக் குச்சியோடு உள்ளே வருகிறார். நபியவர்களின் பார்வை அந்தக் குச்சியின் மேல் நிற்கிறது. வேண்டுமா என்று கேட்க, தலையசைக்கிறார்கள். குச்சி கடினமாக இருந்ததால் அன்னை அதைத் தம் பற்களால் மென்று மிருதுவாக்கிக் கொடுக்கிறார்கள். நபியவர்கள் பல் துலக்குகிறார்கள். சற்று நேரத்தில் அந்தப் புனித உயிர் பிரிகிறது. பின்னாளில் அன்னை அவர்கள், என் உமிழ்நீரையும் அவர்களின் உமிழ்நீரையும் அந்த நேரத்தில் அல்லாஹ் ஒன்று சேர்த்தான் என்று, தமக்குக் கிடைத்த பெரும் அருளாக அதைச் சொல்லி மகிழ்வார்கள்.

மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி). நபியவர்கள் ஒரு பேரீச்சம்பழத்தை மென்று அந்தக் குழந்தையின் வாயில் வைத்தார்கள். அந்தக் குழந்தையின் வயிற்றுக்குள் போன முதல் பொருளே நபியவர்களின் உமிழ்நீர்தான்.

துன்யாவுக்குள் வரும்போதும், துன்யாவை விட்டுப் போகும்போதும் தூய்மையான வாய். இது நம் நபி காட்டிய வழி. அந்த வாயில் இன்று நாம் எதை ஒதுக்கி வைத்திருக்கிறோம்?

உமிழ்நீர் என்ன செய்கிறது?

காதுக்கு முன்னால் ஒரு ஜோடி, தாடைக்குக் கீழே ஒரு ஜோடி, நாக்கின் அடியில் ஒரு ஜோடி என மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகளை அல்லாஹ் நம் வாய்க்கு வைத்திருக்கிறான். இவை போக, உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதில் 99 விழுக்காடு தண்ணீர்தான். மீதி அந்த ஒரு விழுக்காட்டில்தான் விஷயம் இருக்கிறது.

மாவுச்சத்தைச் செரிக்கத் தொடங்கும் நொதி அதில் இருக்கிறது. கிருமிகளை அழிக்கும் புரதங்கள் இருக்கின்றன. பல்லின் எனாமலுக்குத் தேவையான கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. நாம் இனிப்பு சாப்பிட்டதும் வாயிலுள்ள பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் எனாமலைக் கரைக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை முறித்துவிடும். கரைந்த இடத்தைக் கால்சியம் திரும்ப நிரப்பும். இரவும் பகலும் சம்பளம் கேட்காமல் நடக்கும் பராமரிப்பு வேலை இது.

நம் மார்க்கச் சட்டத்தையும் பாருங்கள். நோன்பாளி தன் உமிழ்நீரை விழுங்கினால் நோன்பு முறிவதில்லை. அது அவனுடைய உடம்பின் பகுதி. ஆனால் அந்த உமிழ்நீரில் வெளிப்பொருள் ஒன்றின் சாறு கலந்து தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு போய்விடும். எச்சிலில் என்ன கலக்கிறது என்பதை ஷரீஅத் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறது. நாம்தான் கவனிப்பதில்லை.

புகை இல்லாவிட்டால் கேடு இல்லையா?

"உஸ்தாதே, நான் பீடி சிகரெட் தொடுவதில்லை. கொஞ்சம் பொயிலை மட்டும்தான். புகையே இல்லை, யாருக்கு என்ன கேடு?" என்று கேட்பவர்கள் உண்டு.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன்பு திருவிதாங்கூரில் இருந்தது. அந்தத் திருவிதாங்கூருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கடல் வழியாகப் புகையிலை வந்து இறங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அதன் வியாபாரத்தை அரசே தன் ஏகபோகமாக வைத்திருந்தது. வீட்டுத் திண்ணையில் வெற்றிலைச் செல்லமும் கோளாம்பியும் இருந்தது மரியாதையின் அடையாளம். இன்று செல்லம் போய்விட்டது. அதன் இடத்தில் பொட்டலம் வந்துவிட்டது. ஹான்ஸ், குட்கா, உதட்டுக்கடியில் வைக்கும் கூல் லிப் என்று பெயர்கள் மாறியிருக்கின்றன. உள்ளே இருக்கும் சரக்கு மாறவில்லை.

வாயில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். புகையிலையோடு சுண்ணாம்பு சேர்கிறது. பொட்டலத்தில் வருவதிலும் காரம் சேர்க்கப்படுகிறது. அந்தக் காரத்தில்தான் நிகோடின் எளிதாகப் பிரிந்து, கன்னத்தின் மெல்லிய தோல் வழியே இரத்தத்துக்குள் போகும். அதனால்தான் ஒதுக்கிய சில நிமிடங்களில் 'ஏறுகிறது'. அதே காரம் அந்தத் தோலை நாள்தோறும் புண்ணாக்குகிறது.

புகையிலையைப் பதப்படுத்தும்போதே நைட்ரோசமீன்கள் என்னும் புற்றுநோய்ப் பொருட்கள் அதில் உருவாகிவிடுகின்றன. போதாததற்கு, நம் உமிழ்நீரில் இயற்கையாக இருக்கும் நைட்ரைட்டும் புகையிலைச் சத்தும் சேர்ந்து வாய்க்குள்ளேயே இன்னும் கொஞ்சம் உருவாகிறது. காவலுக்கு வைத்த உமிழ்நீர்தான் நஞ்சைக் கரைத்து, வாயின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்க்கிறது. காவலாளியின் கையில் நாமே திருடனுக்கான சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

"போட்டால் எச்சில் நன்றாக ஊறுகிறதே" என்பார்கள். ஊறும். ஆனால் ஊறுவதை எல்லாம் துப்பிவிடுகிறோம். பல்லைக் காக்க அல்லாஹ் அனுப்பியது ரோட்டோரச் சுவரில் சிவப்பாக வழிகிறது. பல ஆண்டுகள் மென்றவர்களிடம் உமிழ்நீரின் சுரப்பும், அமிலத்தை முறிக்கும் அதன் தன்மையும் குறைந்துபோவதை நம் நாட்டில் நடந்த பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வாய் வறண்டால் சொத்தை பெருகும், வாடை வரும், ருசி மங்கும். ஒதுக்கும் இடத்தில் ஈறு கீழே இறங்கி, பல்லின் வேர் வெளியே தெரியும். சுவைக்காகச் சேர்க்கும் இனிப்பு அந்த வேரில் ஒட்டி அங்கேயும் சொத்தை உண்டாகும்.

பல்வலிக்குப் பொயிலை வைத்தால் வலி போகும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வலி மரத்துப்போகும், சொத்தை உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். வலி என்பது நம்மை மருத்துவரிடம் அனுப்ப அல்லாஹ் வைத்த மணி. மணியின் வாயைக் கட்டிவிட்டால் தீ அணைந்துவிடுமா?

பாக்கும் சும்மா இல்லை

"அப்படியானால் புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு போடலாமே" என்ற கேள்வி வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் உள்ள சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு மனிதனுக்குப் புற்றுநோய் தரும் என்று 1985இலேயே அறிவித்துவிட்டது. 2004இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தருவதே என்று உறுதி செய்தது. வெற்றிலையைக் குற்றம் சொல்லவில்லை. கேடு அதற்குள் மடிக்கும் பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது.

பாக்கு இன்னொரு நோயையும் தருகிறது. கன்னத்தின் உட்புறத் தசை மெல்ல மெல்ல இறுகி, நார்போலக் கட்டிக்கொள்ளும். முதலில் காரம் எரியும். பிறகு வாய் திறப்பது குறையும். விட்டுவிட்டால் மேலும் மோசமாவதைத் தடுக்கலாம். ஏற்கெனவே இறுகியது பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. அதிகாலை இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார். குளிருக்கும் தூக்கத்துக்கும் என்று பொட்டலம் போடத் தொடங்கி இருபது வருடம். ஒரு நிக்காஹ் விருந்தில் என் பக்கத்தில் இருந்தார். நெய்ச்சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் போல எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கறியைத் தொடவே இல்லை. "என்ன காக்கா, பசி இல்லையா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வாயைத் திறந்து காட்டினார். இரண்டு விரல் உள்ளே போகாது.

"உஸ்தாதே, நீங்க மிஸ்வாக்கோட சிறப்பைப் பேசினீங்க. நான் ஒரு குச்சி வாங்கினேன். அதை வைக்க வாய் திறக்கலை" என்றார்.

அந்த வார்த்தை என்னை இன்றுவரை விடவில்லை. அல்ஹம்து லில்லாஹ், அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். கன்னத்தில் இருந்த வெள்ளைத் திட்டு புற்றாக மாறும் முன்பே பார்த்துவிட்டார்கள். பழக்கத்தை விட்டுவிட்டார். ஆனால் வாய் பழையபடி திறக்கவில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்தது ஏறத்தாழ ஹிஜ்ரி 1000ஐ ஒட்டிய காலத்தில். ஆகவே முந்தைய இமாம்களின் கிதாபுகளில் அதைப் பற்றி நேரடியாக எதுவும் இருக்காது. பிறகு வந்த உலமாக்களில் ஆகுமானது என்றவர்களும், மக்ரூஹ் என்றவர்களும், ஹராம் என்றவர்களும் உண்டு. அந்தக் கருத்து வேறுபாடு, கேடு என்ன என்பது முழுமையாகத் தெரியாத காலத்தில் நடந்தது. இன்று கேடு ஐயமின்றி நிரூபணமாகிவிட்டதால், இக்கால உலமாக்களில் பலர் இதை ஹராம் என்றே தீர்ப்பளிக்கிறார்கள்.

நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்று அல்லாஹ் தடுக்கிறான் (2:195). நபியவர்கள் நல்லவற்றை ஆகுமாக்கி, கெட்டவற்றைத் தடுக்க வந்தவர்கள் என்று குர்ஆன் அறிமுகம் செய்கிறது (7:157). தனக்கும் கேடு கூடாது, பிறருக்கும் கேடு செய்யக் கூடாது என்பது நபிமொழியில் இருந்து எடுத்த அடிப்படைச் சட்டம். வீண்செலவு செய்பவர்கள் ஷைத்தானின் சகோதரர்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது (17:27). ஒரு நாளைக்கு இத்தனை பொட்டலம் என்று கணக்குப் போட்டு, வருடத்துக்கு எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து பெருக்கிப் பாருங்கள்.

பூண்டும் வெங்காயமும் ஹலாலான உணவு. அவற்றைப் பச்சையாகத் தின்று அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்தார்கள். மனிதர்களுக்குத் தொல்லை தருவது மலக்குகளுக்கும் தொல்லை தரும் என்றார்கள். ஹலாலான பூண்டுக்கே இந்த நிலை என்றால், ஹவுளின் ஓரத்தில் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்தும் போகாத வாடையோடு ஸஃப்பில் நிற்பதை என்னவென்று சொல்வது?

உங்களைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அரபுக் கல்லூரியில் ஓதும் காலத்தில், இரவில் கிதாபு பார்க்கத் தூக்கம் வரக் கூடாதென்று நானும் இரண்டு வருடம் வெற்றிலையோடு புகையிலை போட்டிருக்கிறேன். ஒரு நாள் ஓத உட்கார்ந்தபோது என் உஸ்தாது, "போய் வாயைக் கழுவிவிட்டு வா" என்றார்கள். கழுவிவிட்டு வந்தேன். "திரும்பவும் அதையே போடுவதற்காகவா கழுவினாய்?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பிறகும் மூன்று முறை முயன்றுதான் என்னால் விட முடிந்தது. அதனால் இது எளிது என்று நான் சொல்ல மாட்டேன். முடியும் என்று சொல்வேன்.

நம் பிள்ளைகளும் நம் கடைகளும்

2016–17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 21.4 விழுக்காட்டினர் புகையில்லாத புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். ஏறத்தாழ 20 கோடிப் பேர். நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்று. அது பெரும்பாலும் வருவது கன்னத்தின் உட்புறத்திலும் ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்திலும். நாம் ஒதுக்கி வைக்கும் அதே இடம்.

தமிழக அரசு 2013 மே மாதம் குட்கா, பான் மசாலாவுக்குத் தடை விதித்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடை ஆணையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பள்ளி மாணவர்களிடம் கூல் லிப் பரவுவதைப் பற்றி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2024இல் கவலை தெரிவித்தது. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலை விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே! மேசைக்கடியில் மறைத்து வைத்து எடுத்துக் கொடுக்கும்போதே, அது மறைக்க வேண்டிய பொருள் என்பது உங்கள் மனதுக்குத் தெரிகிறது. பாவத்திலும் வரம்பு மீறுதலிலும் ஒருவருக்கொருவர் துணைபோகாதீர்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை (5:2). பக்கத்து வீட்டுப் பையனின் கன்னத்தை அரித்து வரும் காசு நம் பிள்ளையின் தட்டில் எப்படி பரக்கத்தாக இருக்கும்?

வாப்பாமார்களே! பிள்ளை மதரஸாவுக்குப் போகிறானா என்று பார்க்கிறோம். அவன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்திருக்கிறோமா? அதட்ட வேண்டாம். உட்கார வைத்துப் பேசுங்கள். ஆனால் நம் சட்டைப் பையில் பொட்டலம் இருக்கும்போது அந்தப் பேச்சு அவன் காதில் ஏறாது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

முதலாவது, கண்ணாடி. இன்று வீட்டுக்குப் போய், வெளிச்சத்தில் வாயைத் திறந்து பாருங்கள். கன்னம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கின் அடி. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், தடிப்பு, காரம் பட்டால் எரிச்சல், தானாக ஆடும் பல், மூன்று விரல் நுழையாத வாய். இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"பார்ப்பதால் என்ன ஆகப்போகிறது?" என்று கேட்காதீர்கள். நம் எல்லைக்கு அப்பால், திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளில், 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,90,000 பேரை வைத்து 1996 முதல் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் சோதனை. 2005இல் லான்செட் இதழில் அதன் முடிவு வந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களில், வாய் பரிசோதிக்கப்பட்ட பகுதிகளில் வாய்ப்புற்றால் ஏற்படும் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. வாயைத் திறந்து காட்டியதால் பிழைத்தவர்கள் நம் அண்டை ஊர்க்காரர்கள்.

இரண்டாவது, விடுவதற்கு ஒரு நாளைக் குறியுங்கள். ரமளானில் ஃபஜ்ரிலிருந்து மஃரிப் வரை பதிமூன்று மணி நேரம் அல்லாஹ்வுக்காக விட முடிகிறதே! அந்த நிய்யத்தை மஃரிபுக்குப் பின்னும் நீட்டுங்கள். முதல் சில நாட்கள் கடினம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும். ஆனால் அந்த ஆசை ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் குடியுங்கள், ஒளுச் செய்யுங்கள், திக்ரு செய்யுங்கள். புகையிலையை விட உதவும் அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. கேட்பதில் வெட்கம் இல்லை. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன நபியின் உம்மத் நாம்.

மூன்றாவது, பொட்டலம் இருந்த பையில் ஒரு மிஸ்வாக் குச்சி. அது வாயைத் தூய்மையாக்கும், ரப்பின் பொருத்தத்தைத் தரும் என்று நபியவர்கள் சொன்னார்கள். என் சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டளையிட்டிருப்பேன் என்றும் சொன்னார்கள். கை பையைத் தேடும்போது அந்தக் குச்சி அகப்படட்டும்.

சகோதரர்களே! ஒரு நாள் நமக்கும் அந்த நேரம் வரும். சுற்றிலும் பிள்ளைகள் நிற்பார்கள். காய்ந்த உதட்டில் யாராவது ஒரு துளி தண்ணீர் விடுவார்கள். கலிமாவைச் சொல்லிக் கொடுப்பார்கள். அப்போது அசைய வேண்டியது இதே நாவு. திறக்க வேண்டியது இதே வாய். நிக்காஹ் பந்தியில் எனக்கு வாயைத் திறந்து காட்டிய அந்தச் சகோதரரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று திறக்கிற வாயை இன்றே காப்பாற்றுங்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்கு நீ தந்த நாவையும் உதடுகளையும் உமிழ்நீரையும் அமானத்தாகப் பேண அருள் செய்வாயாக! இந்தப் பழக்கத்தில் சிக்கியிருப்பவர்களுக்கு விடுபடும் பலத்தைத் தருவாயாக! நோயுற்றிருப்பவர்களுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளை இந்த நஞ்சிலிருந்து காப்பாயாக! எங்கள் இறுதி வார்த்தையைக் கலிமாவாக ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.